சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துங்கள்: ஊர் வீட்டில் மின்சாரக் காருக்கு சார்ஜ் போடப்போய் நான் பட்டது

போன மாசியில் எங்கள் வீட்டுப் படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுவதற்காக, ஊருக்குப் போனேன். செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஊர். ஆத்தாவும் அயித்தையும் மறுநாள் பல்லவன் ரயிலில் வருவதாக ஏற்பாடு. வீட்டைத் திறந்து, கூட்டித் துடைத்து, பாத்திரங்களை இறக்கிவைக்க ஒரு நாள் முன்னதாக நான் மட்டும் சென்னையிலிருந்து காரில் கிளம்பினேன். மின்சாரக் கார் வாங்கி அப்போது எட்டு மாதம். சென்னையில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சுவரில் சார்ஜர் பொருத்தியிருக்கிறோம். இரவு மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும். எட்டு மாதமும் ஒரு நாள்கூடத் தகராறு இல்லாததால், எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஊரில் அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை 29,300 ரூபாய், ஒன்பது நாள் கார் இல்லாத அலைச்சல், இன்னும் நினைத்தால் வயிறு கலங்கும் ஒரு நள்ளிரவு. பூர்வீக வீட்டுக்கு இப்போது எத்தனையோ பேர் மின்சாரக் காரில் போகிறார்கள். எனக்கு யாரும் சொல்லாததை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தப்பு திருச்சியிலேயே நடந்துவிட்டது. வழியில் விழுப்புரம் பக்கம் ஒருமுறை வேகச் சார்ஜரில் போட்டேன். திருச்சியை நெருங்கும்போது 48 சதவீதம் இருந்தது. அங்கேயும் சார்ஜர் இருந்தது, ஆனால் எனக்கு முன்னால் இரண்டு கார். வெயில் வேறு. "இராத்திரி வீட்டில் போட்டுக்கொள்ளலாம், அங்கேதான் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதே" என்று கிளம்பிவிட்டேன். புதுக்கோட்டை, திருமயம் தாண்டி ஊர் வந்து சேர்ந்தபோது 21 சதவீதம். என் காரில் 40 யூனிட் பேட்டரி. 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு சதவீதம்தான் ஏறும். அதாவது இராத்திரி முழுக்க ஒன்பது பத்து மணி நேரம் ஓட வேண்டும். அந்தப் பிளக் அப்படி ஓடக்கூடியதா என்று யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்: போகிற இடத்தில் பிளக் இருக்கிறது என்பதை வைத்து சார்ஜைக் கணக்குப் போடாதீர்கள். அந்த இடத்தில் சார்ஜ் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டு, அடுத்த வேகச் சார்ஜருக்குப் போய்த் திரும்பும் அளவுக்காவது மிச்சம் வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். மின் மீட்டர் முகப்பில். கார் நிறுத்தும் கொட்டகை பின்தெருவில். நடுவில் வளவு என்கிற தூண் முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி 150 அடி. முன்தெருவைக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் காரைப் பின்னால்தான் நிறுத்த முடிந்தது. கொட்டகைச் சுவரில் பழைய மூன்று முனைப் பிளக் ஒன்று. பக்கத்தில் போய்ப் பார்த்தால், மேலே இருக்கும் பெரிய துளையை, அதாவது எர்த் துளையை, குளவி மண் வைத்து அடைத்திருந்தது. காய்ந்து, சுவரின் நிறத்திலேயே வழவழவென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்துதான் அது மண் என்றே தெரிந்தது. மெயினை அணைத்துவிட்டு, மூங்கில் குச்சியால் குத்தி எடுத்தேன். பிறகு காரோடு வந்த சார்ஜர் பெட்டியைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு ஒரு நொடி மின்னியது, உடனே சிவப்பு. எடுத்துப் போட்டேன், மறுபடி சிவப்பு. கையேட்டைப் பார்த்தால் "தரையிணைப்புக் கோளாறு", அதாவது எர்த் கோளாறு, என்று இருந்தது.

எலக்ட்ரீஷியன் தம்பி மாலை ஐந்து மணிக்கு வந்தார். நல்ல பையன், எங்கள் ஊர்க்காரர்தான். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் நல்லா வருது ஆச்சி, எர்த்துதான் இல்ல. பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு வயர்ல கோத்து விட்டுர்றேன், பச்ச எரிஞ்சிரும்" என்றார். வாஷிங் மெஷினுக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுப்பாராம். எனக்கு அலுப்பு, பசி, வீடு முழுக்கத் தூசி. சரி என்று சொல்லிவிட்டேன். அவர் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, மதுரையில் மின் பொறியாளராக இருக்கும் என் கல்லூரித் தோழிக்குச் சும்மா ஒரு போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கத்தினாள். "முதலில் அவர் கையை எடுக்கச் சொல்லு!"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கார் நான்கு ரப்பர் டயர்மேல் நிற்கிறது, தரையோடு அதற்குத் தொடர்பே இல்லை. சார்ஜ் ஆகும்போது காரின் உலோக உடம்பைத் தரையோடு இணைப்பது அந்த எர்த் வயர் ஒன்றுதான். உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்தால் எர்த் வழியாகப் போய்விடும், காவல் சுவிட்ச் உடனே விழும். எர்த் இல்லாவிட்டால் காரைத் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரை, எர்த்தோடு கோர்த்துவிட்டால் இன்னும் மோசம். பழைய வீட்டில் வழியில் எங்கோ நியூட்ரல் இணைப்பு தளர்ந்து விட்டுப்போனால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, விசிறி வழியாக வரும் மின்சாரம் நேராகக் காரின் உடம்பில் ஏறி நிற்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. சார்ஜர் பெட்டி சிவப்புக் காட்டியது அதன் கோளாறு இல்லை. இந்த இடத்தில் என்னை ஓட்டாதே என்று அது சொல்கிறது. நான் கொட்டகை வாசலைப் பார்த்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் பேரன், நான்கு வயதிருக்கும், வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று காரின் கதவுப் பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாளை வந்து எர்த் எங்கே போச்சு என்று பார்க்கிறேன் என்றார்.

எங்கே போச்சு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இருக்காது. பழைய வயரிங்கில் எர்த் கம்பியைக் கொல்லைப்பக்கத்து இரும்புத் தண்ணீர்க் குழாயோடு இணைத்திருந்தார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த்தாக வேலை செய்திருக்கிறது. எப்போதோ இரும்புக் குழாய் துருப்பிடித்ததும் பிவிசி குழாயாக மாற்றிவிட்டார்கள். அன்றோடு வீட்டின் பின்பாதிக்கே எர்த் கிடையாது. மிக்ஸி ஓடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மின்சாரக் கார் வந்துதான் அதைக் காட்டிக் கொடுத்தது. உங்கள் ஊர் வீட்டில் இரும்புக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தால் எர்த்தை உடனே பாருங்கள். மல்டிமீட்டர் வைத்து எலக்ட்ரீஷியன் மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலுக்கும் 230 வோல்ட் பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். எங்கள் கொட்டகையில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 90, 110 என்று ஆடிக்கொண்டிருந்தது. அது அந்தரத்தில் தொங்கும் எர்த். ஆனால் மீட்டர் 230 காட்டினாலும் எர்த் பலமானது என்று அர்த்தம் இல்லை, பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்திலும் அந்த எண் வரும். உறுதியாகத் தெரிய எர்த் டெஸ்டர் வைத்து ஓம் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். வீடுகளுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள்.

இப்போது அந்த இராத்திரிக்கு வருகிறேன். எர்த் இல்லாத பிளக்கை விட்டாயிற்று. முகப்பு அறையில் சித்தப்பா மூன்று வருடம் முன்பு குளிர்சாதனம் போட்டார். அதற்குப் புதுப் பலகை, புது எர்த் குழி எல்லாம் உண்டு. அங்கே சார்ஜர் பெட்டியைச் செருகிப் பார்த்தேன், பச்சை எரிந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. கடைத்தெருவில் 30 மீட்டர் சுருள் எக்ஸ்டென்ஷன் இரண்டு வாங்கிவந்தேன், சேர்த்து 3,400 ரூபாய். கடைக்காரர் கேட்டதற்கு "கார் சார்ஜுக்கு" என்றேன். "16 ஆம்பியர்ங்க, தாங்கும்" என்றார். ஒன்றோடு ஒன்றைக் கோர்த்து, முகப்பிலிருந்து வளவு வழியாக, இரண்டாம் கட்டுத் தாண்டிக் கொட்டகைவரை இழுத்தேன். நீளம் மிஞ்சியதால் இரண்டாவது சுருளைப் பாதிதான் பிரித்தேன். இரண்டும் சேரும் இடம் வளவில், தேக்குத் தூண் ஒன்றின் அடியில் விழுந்தது. ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். கார்த் திரையில் காலை ஆறரைக்கு 80 சதவீதம் வரும் என்று காட்டியது. முகப்பு அறையில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பன்னிரண்டே காலுக்கு விழிப்பு வந்தது. மீன் கருகுவதுபோல் ஒரு வாடை. எரியும் பிளாஸ்டிக் அப்படித்தான் மணக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வளவுக் கதவைத் திறந்தால் தூணடியில் ஒரு சிறு வெளிச்சம், தீக்குச்சி அணையும் தருவாயில் இருக்குமே, அந்த அளவு. ஓடிப்போய் முகப்பில் சுவிட்சை அணைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒன்றோடொன்று கோர்த்த பிளக் உருகி வழிந்து, கல்தளத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது. தூணின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புகை ஏறிய கறுப்பு. ஐயா காலத்துக்கு முன்னாலேயே பர்மாவிலிருந்து வந்த தேக்கு. தூணுக்குப் பின்னால் படைப்புக்கென்று நான் அன்று மாலைதான் இறக்கிவைத்த கோரைப்பாய்க் கட்டு, ஒரு முழ தூரத்தில். அந்தப் பாயில் பற்றியிருந்தால் மேல்கூரை வரைக்கும் மரம்தான். நான் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். விடியும்வரை தூங்கவில்லை, வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எம்சிபி, அதாவது பலகையில் தானாக விழும் காவல் சுவிட்ச், ஏன் விழவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. தோழி விளக்கினாள். எம்சிபி அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் விழும். இங்கே ஓடியது சரியான 15 ஆம்பியர்தான். தளர்ந்த இணைப்பில் சூடு ஏறினால் அதற்குத் தெரியாது. கசிவு இல்லாததால், மின்கசிவைக் கண்டு விழும் ஆர்சிசிபி சுவிட்சுக்கும் தெரியாது. என் சார்ஜர் பெட்டியின் பிளக்கில் சூடு உணரும் கருவி இருக்கிறது, ஆனால் அது கொட்டகையில் அல்லவா இருந்தது? 50 அடி தள்ளி வளவில் எரிவது அதற்கு எப்படித் தெரியும்? கணக்கையும் சொன்னாள். பிளக் முனை லேசாகத் தளர்ந்து, பத்தில் ஒரு பங்கு ஓம் தடை வந்தாலே போதும், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ரேடியோக் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் இரும்பு 25 வாட்தான். அந்த இரும்பைப் பிளக்குக்குள் சொருகி மணிக்கணக்கில் விட்டதுபோல. வாட்டர் ஹீட்டர் அரை மணியில் அணைந்துவிடும், பிளக் ஆறிக்கொள்ளும். கார் விடியவிடிய இழுக்கும். வயரும் அப்படித்தான். நான் வாங்கியது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதில் 100 அடிக்கு 15 ஆம்பியர் ஓடினால் போகவரச் சேர்த்து 11 வோல்ட் வழியிலேயே போய்விடும், 160 வாட் சூடாக மாறும். விரித்துப் போட்டால் காற்றில் ஆறும். சுருளாக இருந்தால் அந்தச் சூடு உள்ளேயே அடைபடும். பாதி பிரிக்காத என் சுருளைக் காலையில் தொட்டுப் பார்த்தேன், உள்சுற்று வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. வேறு வழியே இல்லாமல் எங்காவது சந்தேகமான பிளக்கில் போட நேர்ந்தால், முதலில் மின்சாரத்தைக் குறையுங்கள். சில கார்களில் திரையிலேயே குறைக்கலாம், சிலவற்றில் சார்ஜர் பெட்டியில் பொத்தான் இருக்கும். 15 ஆம்பியரை 10 ஆக்கினால் இணைப்பில் பிறக்கும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். அப்புறம் அரை மணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பிளக் அவ்வளவுதான், எடுத்துவிடுங்கள். செருகும்போது பிளக் இறுக்கமாகப் போக வேண்டும். தொளதொளவென்று ஆடும் பிளக்கில் செல்போன்கூடப் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை 39 சதவீதம் இருந்தது. பழம், பூ, வேட்டி, சேலை வாங்கக் காரைக்குடிக்கு எப்படியும் போக வேண்டும், இரவு ஸ்டேஷனுக்கும் போக வேண்டும். நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் ஓர் உணவகத்தின் வாசலில் வேகச் சார்ஜர் இருப்பதாகச் செயலி காட்டியது. பதினொன்றரைக்குப் போனேன். தூக்கம் இல்லாததால் காரைச் சரியாகக்கூட நிறுத்தவில்லை, கொஞ்சம் சாய்வாக நிறுத்திவிட்டு இறங்கினேன். சார்ஜர் கேபிளின் நுனியில், காரில் செருகும் கைப்பிடியைக் "கன்" என்பார்கள். கன் கேபிள் முழு நீளத்துக்கு விறைத்துக்கொண்டுதான் எட்டியது. மாட்டினேன், "தொடர்பு இல்லை" என்று வந்தது. மூன்று முறை. கன்னைத் திருப்பிப் பார்த்தேன். மேலே சின்னதாக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள, இன்னொன்று கன் முழுசாக நுழைந்ததா என்று பார்க்க. அதில் ஒன்றில் செம்மண். "எல்லாரும் கீழ போட்டுட்டுப் போயிர்றாங்க, எடுத்து மாட்டுறது இல்ல" என்றார் காவலாளி. இப்படி இருந்தால் கம்பி, ஊக்கு எதையும் விட்டுக் குடையாதீர்கள், எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். காய்ந்த துணியால் துடைத்து, கன்னைக் கவிழ்த்துப் பிடித்து, பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினால் உதிர்ந்துவிடும். முனை கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியோ உடைந்தோ இருந்தாலோ, உள்ளே ஈரம் தெரிந்தாலோ அந்தக் கன்னையே தொடாமல் அடுத்த சார்ஜருக்குப் போங்கள், அந்தக் கோளாறு உங்கள் காரின் துளையையும் கெடுத்துவிடும். மண் போனதும் நாலாம் முறை ஏறியது. கன்னின் கனத்தைக் கையில் தாங்கி, உள்ளே அழுத்தி, கார் "டக்" என்று பூட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

முக்கால் மணி நேரத்தில் 80 வந்தது, நிறுத்தினேன். கன் வரவில்லை. சாவியில் திறந்தேன், வரவில்லை. செயலியில் மறுபடி நிறுத்தினேன், முடிந்தது என்றே காட்டியது. வெயில் உச்சி மண்டையில். பின்னால் ஒரு கார் வந்து காத்திருந்தது. பதற்றத்தில் சார்ஜரில் இருந்த சிவப்பு அவசரப் பொத்தானை அடித்தேன். சார்ஜர் முழுசாக அணைந்துவிட்டது, உதவி எண்ணில் இருந்தவர்களால் தூரத்திலிருந்து பார்க்கவும் முடியாமல் போனது. அந்தப் பொத்தான் புகை, தீ, ஷாக் என்றால் அடிப்பதற்கு. கன் சிக்கினால் அடிப்பதற்கில்லை. பின்னால் வந்த காரின் ஓட்டுநரும் காவலாளியும் உதவிக்கு வந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஆட்டி ஆட்டி இழுத்தோம். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. கன் அப்போதும் வரவில்லை.

நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கும் சிசிஎஸ் 2 என்ற வேகச் சார்ஜ் இணைப்பு வகையில், கன்னைப் பூட்டுவது சார்ஜர் இல்லை, கார்தான். காரின் துளைக்குள் இருந்து ஒரு சின்ன முள் வெளியே வந்து கன்னின் பள்ளத்தில் உட்காரும். 400 வோல்ட் அளவில் மின்சாரம் பாயும்போது யாரும் உருவிவிடக்கூடாது என்பதற்காக அந்தப் பூட்டு. சாய்வாக நிறுத்திக் கேபிள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததால் முள்மேல் அழுத்தம் விழுந்து, பின்வாங்க முடியாமல் சிக்கிக்கொண்டது. நான் இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. செய்திருக்க வேண்டியது நேர் எதிரானது. சார்ஜ் நின்றதைத் திரையில் உறுதி செய்துகொண்டு, ஒரு கையால் கேபிளின் கனத்தைத் தூக்கிப் பிடித்து, கன்னை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே சாவியில் பூட்டைப் போட்டுத் திறக்க வேண்டும். முள் பின்வாங்கும் சத்தம் கேட்டதும் நேராக இழுக்க வேண்டும், ஆட்டக்கூடாது. வரவில்லை என்றால் காரை அணைத்துப் பூட்டி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி. சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தாலும் இந்தப் பூட்டு நகராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியில் கார் நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்: "மேடம், டிக்கியில் இடதுபக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், பார்த்தீர்களா?" எட்டு மாதமாகக் காய்கறிப் பை வைக்கும் இடம். மூடியைத் திறந்தால் ஒரு கயிறு, நுனியில் வளையம். சார்ஜர் அணைந்திருப்பதை மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். கன் கையோடு வந்துவிட்டது. மணி நாலு. மூன்றரை மணி நேரம் அந்த வெயிலில் நின்றதற்கு விடை டிக்கியில் இருந்திருக்கிறது. எல்லாக் காரிலும் ஒரே இடத்தில் இருக்காது, சிலவற்றில் முன் பானட்டுக்கு அடியில் இருக்கும். உங்கள் கையேட்டில் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒருமுறை மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். சார்ஜ் ஓடும்போது மட்டும் அதைத் தொடவே கூடாது.

பூட்டு மோட்டார் முறிந்துவிட்டதால், பூட்டிக்கொண்டதை உறுதி செய்ய முடியாத கார் அதன்பின் எந்தச் சார்ஜரையும் ஏற்கவில்லை. நல்லவேளை, 80 சதவீதம் இருந்தது. இரவு ஆத்தாவையும் அயித்தையையும் அதிலேயே கூட்டிவந்தேன், சனிக்கிழமை படைப்பு குறையில்லாமல் நடந்தது. தூணின் கறுப்பை மட்டும் ஆத்தா விரலால் தொட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை திருச்சி சேவை மையத்தில் விட்டேன். இழுத்து உடைத்ததற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள், அது நியாயம்தான். மோட்டாரும் கூலியும் 8,600 ரூபாய். உதிரிபாகம் வர ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில், நாலு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்து, கொட்டகை மின்சாரத்தைச் சரிசெய்தேன். ஏழு பங்காளிக்குச் சொந்தமான வீடு, சுவரில் ஆணி அடிக்கவும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். ஒரு பெரியப்பா, காருக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டாமா, அரசாங்கம் கேட்காதா என்றார். 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டு நெறியில், வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற இணைப்பிலேயே சொந்தக் காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது, அதைக் காட்டினேன். வீட்டுக்கு அனுமதித்த மின்பளுவுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரை யாரும் கொத்தக்கூடாது என்பதில் பெரியப்பா உறுதியாக இருந்தார், எனக்கும் மனசு வரவில்லை. அதே எலக்ட்ரீஷியன் தம்பிதான் வந்து, உத்தரத்தை ஒட்டிப் பிவிசி குழாயில் தனி வயர் இழுத்தார். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, நடுவில் எங்கும் ஒட்டு இல்லை. முகப்புப் பலகையில் அதற்கென்று தனியாக 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபி வாங்கும்போது "ஏ" வகை என்று கேட்டு வாங்கச் சொன்னாள் தோழி. கொட்டகையில் தொழிற்சாலைகளில் போடும் நீலநிற 16 ஆம்பியர் சாக்கெட், மூடியோடு. சார்ஜர் பெட்டியின் பிளக்கை அதற்கேற்ற அடாப்டரில் மாட்ட வேண்டாம் என்று நினைத்து, பக்கத்திலேயே கனமான புது மூன்றுமுனைச் சாக்கெட் ஒன்றும் வைத்து, அதைத்தான் பயன்படுத்துகிறேன். குளவிக்குப் பயந்து அதற்கும் ஒரு மூடி.

எர்த் குழிதான் பெரிய வேலை. எங்கள் பக்கம் இரண்டடிக்குக் கீழே செம்புரான் கல், கடப்பாரை தெறிக்கும். கிணற்றடியில் ஈரம் இருக்கும் என்று தம்பியே இடம் சொன்னார். இரண்டு ஆள் ஒன்றரை நாள் தோண்டினார்கள். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். முகப்பு எர்த்தோடும் சேர்த்து இணைத்தார். அளந்தபோது 3.8 ஓம். வயர், குழி, கூலி எல்லாம் சேர்த்து 16,800 ரூபாய். "இனிமே வாஷிங் மெஷினுக்கும் கோத்துக் குடுக்க மாட்டேன் ஆச்சி" என்றார் அந்தத் தம்பி, நான் கேட்காமலேயே.

காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரைச் சுற்றியே இவ்வளவு வீடுகள் எர்த் இல்லாமல் இருக்கின்றன. நான் போனவுடன் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டிலும் எர்த் இல்லையாம்.

செம்மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும். கோடையில் வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்ற வேண்டும் என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். சித்திரையில் ஒருநாள் போன் செய்து ஞாபகப்படுத்தினேன். "காலையிலேயே மல்லிச்செடிக்கும் குழிக்கும் சேத்து ஊத்திட்டேன் ஆச்சி" என்றார்.